பர்லியாரில் வண்டியை நிறுத்தாதீர்கள்

கேத்தியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு 22 வருடமாகக் கேரட் லோடு ஓட்டுகிறேன். சிகரெட்டை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. அதற்கு முன் நான்கு முறை விட்டு, நான்கு முறையும் பர்லியாரில்தான் மறுபடி பற்றவைத்தேன். குன்னூர் தாண்டி இறங்கி, பழக்கடைகள் கண்ணில் பட்டதும் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும்.

நர்சிங் படிக்கும் அக்கா மகள், “மாமா, உங்களைப் பிடித்திருப்பது சிகரெட் மட்டும் இல்லை, பர்லியாரும்தான்” என்றாள். வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து, மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்களைக் கவனித்தாராம். முதலில் சாறு வந்தபோது அவை துடித்தன. சாறுக்கு முன் விளக்கு எரியும் என்று குரங்கு பழகியபின், விளக்குக்கே துடித்தன; சாறுக்கு இல்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால் அடங்கிப்போயின. பர்லியாரில் ஜன்னலுக்குள் கைவிடும் குரங்குகளை அதன்பின் நான் விரட்டுவதில்லை. எங்கள் கதை ஒன்றுதான்.

ஆகவே முதலில் உங்கள் விளக்குகளைக் கண்டுபிடியுங்கள். மூன்று நாள், பற்றவைத்த இடத்தை மட்டும் ட்ரிப் ஷீட்டின் பின்புறம் குறியுங்கள். எனக்கு நாளொன்றுக்குப் பதினொன்று. அதில் எட்டு மூன்றே இடங்களில்: விடியற்காலையில் கேரட் கழுவும் இடம், பர்லியார், மண்டி எடைமேடை வரிசை. பிறகு அந்த இடங்களை மாற்றுங்கள். நான் பர்லியாரில் நிற்காமல் கல்லாறு வரை இறங்கினேன். எடைமேடை வரிசையில் கிளீனரை வண்டியில் உட்காரவைத்துவிட்டுக் கேரட் கடித்தபடி நடந்தேன். ஏக்கம் சில நிமிடம்தான் உச்சத்தில் நிற்கும். இரண்டு கேரட் போதும்.

புகையில் ஏறும் நிகோடின் பத்து, இருபது நொடியில் மூளைக்குப் போய்விடுகிறது. அந்த வேகம்தான் நம்மைக் கட்டிப்போடுகிறது. மருந்துக்கடையில் கிடைக்கும் 2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் அதையே மெதுவாகக் கொடுக்கிறது. இதை மிட்டாய்போல் மெல்லக் கூடாது. நான் மென்று விழுங்கி, மரப்பாலம் வரை விக்கிக்கொண்டே போனேன். நாலைந்து முறை மெல்லுங்கள். சுரீரென்றதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்குங்கள். உறைப்பு போனதும் மறுபடி மெல்லுங்கள். அரைமணி நேரம் வரும். போடுவதற்கு 15 நிமிடம் முன்பும், வாயில் இருக்கும்போதும் டீ, காபி, சோடா கூடாது. புளிப்பு இருந்தால் மருந்து வாயில் ஏறாது. இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுப் போடவும்.

டீயைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை. புகை பிடிப்பவர் உடலில் கல்லீரல் டீயில் இருக்கும் காஃபினை வேகமாகக் கரைத்துவிடும். புகையை நிறுத்தினால் அதே டீ உடம்பில் அதிக நேரம் தங்கும். முதல் வாரம் நெஞ்சு படபடத்து, தூக்கம் போனது. சிகரெட் இல்லாத குறை என்றே நினைத்தேன். ஆறு டீயை மூன்றாக்கியதும் சரியானது. நீலகிரிக்காரனுக்கு இதுதான் பெரிய தியாகம்.

எரிச்சல் முதல் வாரத்தில் அதிகம். மூன்று, நான்கு வாரத்தில் தணியும். வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் புகையிலையை விட உதவும் அரசு எண் 1800-11-2356, கட்டணமில்லை.

மூன்று மாதம் கழித்து ஒருநாள் பர்லியாரில் நிறுத்தினேன். கை சட்டைப்பைக்குப் போகத்தான் செய்தது. பணத்தை எடுத்து அரைக் கிலோ மங்குஸ்தான் வாங்கினேன்.