பிக்கப் மேல் படுக்கைப் பெட்டி, பின்னால் ட்ரெய்லர்: முதல்முறை பூட்டுபவர்களுக்கு

கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர்களுக்கு, ஜனவரியில் பூ வந்ததிலிருந்து கடைசி பெங்களூரா காய் இறங்கும் வரை பாதி ராத்திரி தோப்பில்தான். சந்தூர், பர்கூர், காவேரிப்பட்டணம் என்று மூன்று இடத்தில் தோப்பு பார்க்கிறேன். மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயரும் 500 லிட்டர் டேங்கும் ஒரு சின்ன ட்ரெய்லரில் பின்னால் வரும். அப்பா கயிற்றுக் கட்டிலை மரத்தடியில் போட்டுப் படுத்தார். தேளுக்கும் மழைக்கும் பயந்து, நான் பிக்கப்பின் பாடியில் ஏற்றி இறக்கும் படுக்கைப் பெட்டிக்கு மாறினேன். ட்ரெய்லரை விடாமல் பெட்டியையும் ஏற்றுவது எப்படி என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வெளிநாடுகளில் இதற்கு ட்ரக் கேம்பர் என்று பெயர். நம் ஊர்ப் பட்டறையில் கேம்பர் என்று கேட்டால் டபுள் கேபின் பொலேரோவைத்தான் நினைப்பார்கள். அதனால் 'ஏற்றி இறக்கும் பெட்டி' என்றே சொல்லுங்கள்.

முதலில் கணக்கு, பிறகுதான் பெட்டி

ஆர்சி புத்தகத்தை எடுங்கள். சுமையோடு உள்ள மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் வண்டி தாங்கும் சுமை வரும். ஓட்டுநரின் எடையும் அந்தச் சுமைக்குள்தான் அடங்கும். 1.3 டன் பிக்கப் என்றால் ஏறக்குறைய 1300 கிலோ. சொந்த உபயோகத்துக்கு வாங்கும் டபுள் கேபின் பிக்கப் சிலவற்றில் இது சில நூறு கிலோதான். அந்த வண்டிகளில் பெட்டியும் ட்ரெய்லரும் சேர்ந்து சரிப்படாது.

என் கணக்கு இது: பெட்டி 480, குடிதண்ணீர் 60, பேட்டரி, அடுப்பு, படுக்கை, பாத்திரம் எல்லாம் 110, இரண்டு ஆள் 140, கருவிகளும் மருந்தும் 90. மொத்தம் 880 கிலோ. பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ட்ரெய்லரின் மூக்கு, அதாவது கொக்கியில் உட்காரும் முனை, அதுவும் பிக்கப்பின் மேல்தான் அழுத்துகிறது. ட்ரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்கு மூக்கில் இருந்தால்தான் அது வாலை ஆட்டாமல் நேராக வரும். என் ட்ரெய்லர் காலியாக 300 கிலோ, டேங்க் நிறைந்தால் 800. அப்படியானால் மூக்கில் 30 முதல் 80 கிலோ. மண்டியில் இருக்கும் மேடைத் தராசின் மேல் கொக்கி உயரத்துக்குக் கட்டைகளை அடுக்கி, மூக்கை அதன் மேல் வைத்துப் பாருங்கள். தெரிந்துவிடும்.

அந்த 80 கிலோ, பின் அச்சுக்கு 80 கிலோவாகப் போவதில்லை. கொக்கி பின் அச்சுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் கிணற்று ஏற்றம் மாதிரி வேலை செய்கிறது. என் வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3 மீட்டர், பின் அச்சிலிருந்து கொக்கி 1.5 மீட்டர் என்று வையுங்கள். பின் அச்சில் 120 கிலோ ஏறும், முன் அச்சில் 40 கிலோ குறையும். பெட்டி பின்னால் நீட்டிக்கொண்டிருந்து, அதற்காகக் கொக்கியை 60 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் பின்னால் 136 ஏறும், முன்னால் 56 குறையும். முன் சக்கரம் லேசானால் ஸ்டியரிங் பிடி விடும், பிரேக்கும் சரியாகப் பிடிக்காது. ஆகவே பாடிக்குள்ளேயே முடிகிற பெட்டியை மட்டும் வாங்குங்கள். பெரிய பெட்டி ஆசை காட்டும். ட்ரெய்லர் வேண்டுமென்றால் அதை விட்டுவிடுங்கள்.

பெட்டியில் பார்க்க வேண்டியவை

கதவு இடது பக்கவாட்டில் இருக்க வேண்டும். பின்பக்கக் கதவென்றால் ட்ரெய்லர் பூட்டியிருக்கும்போது இறங்க இடமில்லை. ராத்திரி அவசரத்தில் அந்த இரும்புத் தண்டில் முழங்கால் இடித்த பிறகு கதவை மாற்றுவது இரட்டைச் செலவு.

18 மில்லிமீட்டர் ப்ளைவுட் எட்டுக்கு நாலு ஷீட் ஒன்றே 30 கிலோவைத் தாண்டும். 12 ஷீட் போட்டால் கிட்டத்தட்ட 400 கிலோ பலகையிலேயே போய்விடும். அலுமினியச் சட்டத்தில் பஃப் பேனல் (நடுவில் நுரை வைத்த தகடு) வைத்துச் செய்தால் எடை நன்றாகக் குறையும், மே மாத வெயிலும் உள்ளே இறங்காது. கேஸ் அடுப்பு வைத்தால் தரையை ஒட்டி ஒரு காற்றுத் துளை கட்டாயம். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழேதான் தேங்கும்.

கனமான பேட்டரியும் தண்ணீரும் பின் அச்சுக்கு முன்னால், தரையோடு இருக்கட்டும். நம் பிக்கப்களில் பாடி சக்கரத்துக்கு மேலே தட்டையாக இருப்பதால் பெட்டி அகலமாக உட்காரும், அது வசதிதான். ஆனால் பாடியே உயரம். மேலே தண்ணீர் டேங்க் வைத்தால் வளைவில் வண்டி சாயும்.

பட்டறைக்குப் போகும் முன்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்சியில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ட்ரெய்லருக்கும் தனிப் பதிவு வேண்டும். வெல்டிங் வைப்பதற்கு முன் ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் கேட்டுக்கொள்ளுங்கள். ஓடும் வண்டியில் பெட்டிக்குள்ளோ ட்ரெய்லரிலோ யாரும் உட்காரக் கூடாது.

கொக்கியை சேஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், போல்ட் போட்டு மாட்டச் சொல்லி, பக்கத்திலேயே நில்லுங்கள். எனக்கு ஒரு பட்டறையில் பின் பம்பரில் வெறும் வெல்டிங் வைத்துக் கொடுத்தார்கள். அஞ்செட்டி ரோட்டில் ஒரு பள்ளத்தில் இறங்கியதும் பின்னால் 'டக்' என்றது. இறங்கிப் பார்த்தால் வெல்டிங் ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்கு விரிசல். பாதுகாப்புச் சங்கிலிதான் ட்ரெய்லரைப் பிடித்திருந்தது. அந்தச் சங்கிலி இரண்டாக, குறுக்காக, கொக்கியில் அல்லாமல் சேஸில் தனியாக மாட்டியிருக்க வேண்டும்.

ஏற்றும் முறை

ட்ரெய்லரைக் கழற்றி ஓரம் நிறுத்துங்கள். சமமான கெட்டித் தரையில், பெட்டியை நாலு மூலை ஜாக்கில் பாடி உயரத்துக்கு ஒரு சாண் மேலே தூக்குங்கள். நாலையும் ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். ஒரு மூலை முந்தினால் சட்டம் முறுக்கும். பாடியில் மாட்டுக்கொட்டகைக்குப் போடும் ரப்பர் பாயை விரித்துவிடுங்கள். பெட்டி நழுவாமல் இருக்க இதைவிட நல்ல பொருளை நான் பார்க்கவில்லை.

பிறகு பிக்கப்பை மெதுவாக ரிவர்ஸில் கொண்டுவாருங்கள். ஒருவர் ஓட்ட, ஒருவர் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும். பெட்டிக்கு அடியில் யாரும் கை நீட்டக் கூடாது. உட்கார்ந்ததும் கேபினுக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள சந்தில் ஒரு மரக்கட்டை வையுங்கள், பிரேக் போட்டால் பெட்டி முன்னால் பாயாது.

கட்டுவதற்கு நாலு டர்ன்பக்கிள் (முறுக்கி இறுக்கும் திருகு) அல்லது நல்ல ராட்செட் பெல்ட். முன் மூலைகள் இரண்டும் முன்னும் கீழுமாக, பின் மூலைகள் இரண்டும் பின்னும் கீழுமாக இழுக்க வேண்டும். பாடித் தகட்டில் இருக்கும் கயிற்றுக் கொக்கியில் மாட்டாதீர்கள், அது தார்ப்பாய் கட்டத்தான்.

ட்ரெய்லரைப் பூட்டி, எடை போட்டு

ட்ரெய்லரைப் பூட்டி, மூக்கு சமமாக நிற்கிறதா பாருங்கள். சங்கிலி, லைட் வயர், இண்டிகேட்டர், பிரேக் லைட் எல்லாவற்றையும் ஒருவர் பின்னால் நின்று சரிபார்க்கட்டும். பெட்டி அகலமாக இருந்தால் பக்கக் கண்ணாடியை வெளியே தள்ளி மாட்ட வேண்டியிருக்கும்.

காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பாருங்கள். ட்ரெய்லரின் மூலைக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு முழமாவது இடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் ட்ரெய்லரின் தண்டை நீளப்படுத்துங்கள், கொக்கியை நீட்ட வேண்டாம்.

அடுத்தது எடை மேடை. கிரானைட் லாரி ஓடும் ஊர், எடை மேடைக்குப் பஞ்சமில்லை. ட்ரெய்லர் பூட்டியபடியே முன் சக்கரத்தை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு, பிறகு ட்ரெய்லர் இல்லாமல் பிக்கப் சக்கரங்கள் நாலையும் ஏற்றி ஒரு சீட்டு, மறுபடி ட்ரெய்லரைப் பூட்டி, பிக்கப்பை மட்டும் மேடையில் நிறுத்தி இன்னொன்று. மூன்றாவது சீட்டுதான் ஆர்சியோடு ஒப்பிட வேண்டியது. அதிலிருந்து முதல் சீட்டைக் கழித்தால் பின் அச்சின் எடை வரும். பின் டயரின் காற்று அந்த எடைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

ரோட்டில்

டேங்கில் பாதித் தண்ணீர் மட்டும் ஆகவே ஆகாது. பிரேக் போட்டால் முன்னால் பாயும், விட்டால் பின்னால் பாயும், ட்ரெய்லர் ஆட ஆரம்பிக்கும். தார் ரோட்டில் டேங்க் காலி. தோப்பு போர்வெல்லில் நிரப்பிக்கொள்ளலாம். ட்ரெய்லர் ஆடினால் பிரேக்கை அழுத்தாமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள்.

தர்மபுரி தாண்டிச் சேலம் பக்கம் போனால் தொப்பூர் கணவாய் இறக்கம். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்கிய லாரிகள் எத்தனையோ அங்கே கவிழ்ந்திருக்கின்றன. சின்ன ட்ரெய்லருக்குப் பெரும்பாலும் தனி பிரேக் இருக்காது, மொத்த எடையும் உங்கள் பிரேக்கில்தான். இறக்கம் தொடங்கும் முன்பே மூன்றாவது அல்லது இரண்டாவது கியருக்கு வந்துவிடுங்கள், கடைசி வரை அதிலேயே இறங்குங்கள்.

முதல் 20 கிலோமீட்டரில் ஓரம் கட்டி நாலு மூலைக் கட்டுகளையும் கையால் இழுத்துப் பாருங்கள். ரப்பர் பாய் அமுங்கியிருக்கும், கட்டு தளர்ந்திருக்கும். எனக்கு ஒவ்வொரு முறையும் அரைச் சுற்றாவது முறுக்க வேண்டியிருக்கிறது. கொக்கியின் பூட்டு ஊசியையும் தொட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.