கேட் வால்வு ஸ்டெம் வளையாம இருக்க: பக்கவாட்டு லோடு கணக்கு, ஆரம்பத்துல இருந்து

வளைஞ்ச ஸ்டெம்மோட (கேட்ட, அதாவது தண்ணிய அடைக்கிற தகட்ட, ஏத்தி இறக்குற தண்டு) ஒரு கேட் வால்வு வந்துச்சுன்னா பினாங்கு பிறை பக்கம் பட்டறைங்கள்ல வழக்கமா நடக்குறது என்னன்னா, இன்னும் தடிமனா ஒரு ஸ்டெம் கடைஞ்சு போட்டு அனுப்பிடுவாங்க. கொஞ்ச மாசத்துல அதே வால்வு திரும்ப வரும், இந்த தடவை ஸ்டெம் நேரா இருக்கும், சீட்டு (கேட்டு வந்து ஒக்கார்ற வளையம்) கிழிஞ்சிருக்கும். லோடு எங்கயும் போகல, இடம் மாறிடுச்சு, அவ்ளோதான்.

டெரஸ் வீட்டு ஸ்லைடிங் கேட்ட பாருங்க. காத்து பலமா அடிச்சா தாங்குறது மேல இருக்குற கைடு ரோலர், நம்ம இழுக்குற கைப்பிடி இல்ல. வால்வுலயும் அதேதான்: ஸ்டெம்மோட வேலை ஏத்தி இறக்குறது மட்டும், தண்ணி பக்கவாட்டுல தள்ளுறத கைடு (பாடிக்குள்ள கேட்டு சறுக்குற தடம்) வாங்கி பாடிக்கு கொடுத்துடணும். கீழ வர்ற கணக்கு எல்லாம் இதுக்குத்தான். வெட்ஜ் கேட்டுன்னா என்ன, போனட்டு எங்க இருக்குன்னு எல்லாம் நான் விரிவா சொல்லப்போறதில்ல, அது தெரிஞ்சுதான் வந்திருப்பீங்க.

1. எந்த ஃபோர்ஸ் எடுக்குறது

புதுசா டிசைனுக்கு வர்ற பசங்க ஃப்ளோ ஃபோர்ஸ்னு சொன்ன உடனே வேகத்த எடுத்துக்கிட்டு ஓடுவாங்க. டிஎன் 150 (150 மி.மீ சைஸ்) பைப்பு, தண்ணி செகண்டுக்கு 3 மீட்டர், அடர்த்தி × பரப்பு × வேகத்தோட வர்க்கம் போட்டா சுமார் 159 நியூட்டன் வரும். பதினாறு கிலோ லா, இதுக்கா இவ்ளோ பயம்னு தோணும். ஆனா கேட்டு கிட்டத்தட்ட மூடுற நேரத்துல ஒரு பக்கம் பம்ப் பிரஷர் முழுசா நிக்கும், இன்னொரு பக்கம் காலி. 10 பார்னா ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 1 நியூட்டன், சீட்டோட சராசரி விட்டம் 160 மி.மீ, பரப்பு 20,106 சதுர மி.மீ, ஆக 20 கிலோநியூட்டன். ரெண்டு டன்! எடுக்க வேண்டியது இந்த ரெண்டு டன்.

10 பார் எடுத்தது கணக்கு ஈசியா வரட்டும்னுதான். நிஜ டிசைனுக்கு நான் கிளாஸ் ரேட்டிங்கயே (வால்வுக்குன்னு குறிச்ச உச்ச பிரஷர்) எடுப்பேன். டபிள்யூசிபி (வார்ப்பு கார்பன் ஸ்டீல்) கிளாஸ் 150க்கு 38 டிகிரில 19.6 பார், அப்போ லோடு கிட்டத்தட்ட டபுள்.

2. அது ஸ்டெம்முக்கு போனா என்ன ஆகும்

28 மி.மீ ஸ்டெம், புஷ்ஷுல (ஸ்டெம்ம பிடிக்கிற வளையம்) இருந்து டி-ஹெட் (கேட்ட கோத்துப் பிடிக்கிற டி வடிவ நுனி) வரைக்கும் 200 மி.மீ தொங்குதுன்னு வச்சுக்குங்க. முழு 20 கிலோநியூட்டனும் நுனியில வந்தா பெண்டிங் ஸ்ட்ரெஸ் (வளைக்கிற அழுத்தம்) 1,850 எம்பிஏ, அதாவது சதுர மி.மீக்கு 1,850 நியூட்டன், தாண்டும். அஞ்சுல ஒரு பங்கு போனாலே 370. 13 குரோம் (13 சதவீதம் குரோமியம் உள்ள ஸ்டீல்) ஸ்டெம் பலதுக்கும் யீல்டு (நிரந்தரமா வளைய ஆரம்பிக்கிற அளவு) அந்த பக்கத்துலதான் இருக்கு. தடிமனாக்கி ஜெயிக்க முடியாதுன்னு இப்ப புரியுதா.

3. கேப்பு. இங்கதான் எல்லாரும் மாட்டுவாங்க

ட்ராயிங்ல ஒவ்வொரு கேப்பும் தனித்தனியா சரியா இருக்கும், சேர்த்து பாத்தா தப்பா இருக்கும். கேட்டு தள்ளப்படும்போது முதல்ல கைடுல முட்டணும், அதுக்கப்புறமும் டி-ஹெட்டுக்கு பக்கத்துல இடம் மிச்சம் இருக்கணும். டி-ஸ்லாட்ட (டி-ஹெட் கோக்குற கேட்டோட பள்ளம்) ஃப்ளோ போற திசையிலயே நீளவாக்குல வெட்டிட்டா பாதி தலைவலி போச்சு, கேட்டு தானா சறுக்கிப்போய் கைடுல சாஞ்சுக்கும். கேட்டு ஒல்லியா இருந்து குறுக்கே வெட்ட வேண்டி வந்தா கூட்டிப் பாருங்க: கைடு கேப்பு ஒரு பக்கம் 1 மி.மீ, மெஷினிங் டாலரன்ஸ் 0.3, ஸ்டெம் சென்டர் விலகல் 0.3, தேய்மானத்துக்கு 1. மொத்தம் 2.6. அப்போ டி-ஹெட்டுக்கு ஒரு பக்கம் 3 மி.மீ கொடுங்க. "லூசா ஆடுதே பாஸ்"னு ஃபிட்டர் கேப்பாரு, ஆடட்டும், ஆடணும்.

சரி, அப்போ கைடு கேப்பையும் தாராளமா விட்டுட்டா? அதுவும் கூடாது. வெட்ஜ் (ஆப்பு வடிவ கேட்டு) ஒரு பக்கம் 5 டிகிரி சாய்வுன்னா, கேட்டு 20 மி.மீ மேல ஏறினா சீட்டுக்கும் அதுக்கும் நடுவுல 1.75 மி.மீதான் கேப்பு. கைடு கேப்பு 1 மி.மீன்னா கடைசி 11 மி.மீ பயணத்துலதான் கேட்டு சீட்டுல உரசும், 2 மி.மீன்னா கடைசி 23 மி.மீயும் ரெண்டு டன் அழுத்தத்தோட சீட்ட தேய்ச்சுக்கிட்டேதான் இறங்கும். மேல சொன்ன சீட்டு கிழிசல் இப்படித்தான் வருது.

4. கைடு பரப்பு

ரெண்டு கைடு, ஒவ்வொண்ணும் 12 மி.மீ அகலம் 120 மி.மீ நீளம், 20 கிலோநியூட்டன வகுத்தா 7 எம்பிஏ கூட வராது. பேப்பர்ல. நிஜத்துல கேட்டு சாயும். பழைய பாடிய பிரிச்சு டார்ச் அடிச்சு பாருங்க, கைடு முழுக்க தேய்ஞ்சிருக்காது, மூலையில மட்டும் ஒரு விரல் நகம் அளவுக்கு பளபளன்னு பள்ளம் விழுந்திருக்கும். அந்த மாதிரி 5 மி.மீ நீளத்துல மட்டும் ஒக்காந்தா அதே லோடு 160 எம்பிஏ தாண்டிடும். அதனால கைடு எவ்ளோ நீளமா போட முடியுமோ போடுங்க, அகலம் அப்புறம். கைடு, கேட்டு, சீட்டு மூணுக்கும் ஓர முனைய உருட்டி விடுங்க, கூர் முனை உளி மாதிரி செதுக்கிடும். 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மேல 316 ஓட விடாதீங்க, ஒட்டிக்கிட்டு பிச்சு எடுக்கும். ஒரு பக்கமாவது ஸ்டெல்லைட் 6 (கடினமான கோபால்ட் கலவை) ஏத்துங்க.

5. தூக்குற பலம்

ரெண்டு டன் சாஞ்சிருக்கும்போது இழுக்குறோம், அதனால உராய்வு. உராய்வு குணகம் 0.3 போட்டா 6 கிலோநியூட்டன், 0.5 போட்டா 10. நான் 0.5 போடுவேன். 1985 ஜூன்ல அமெரிக்காவுல டேவிஸ்-பெஸ்ஸே அணுமின் நிலையத்துல மூடின வால்வுங்க திரும்ப திறக்காம நின்ன கதைக்கு அப்புறம் 1989ல அங்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் ஜெனரிக் லெட்டர் 89-10ங்கிற சுற்றறிக்கை போட்டு மோட்டார் வால்வுங்கள பரிசோதிக்க வச்சாங்க. முழு ஃப்ளோவுல மூடி பாத்தப்ப சில கேட் வால்வுங்களுக்கு பழைய ஃபார்முலா சொன்னத விட அதிக பலம் தேவைப்பட்டுச்சு, சிலதுல கைடே சேதமாச்சு. காரணம் அதேதான், கேட்டு சாஞ்சு மூலை கடிச்சது.

6. பட்டறையில செக் பண்றது

பேக்கிங் (ஸ்டெம்ம சுத்தி கசிவ அடைக்கிறது) போடாம வால்வ பூட்டுங்க. கேட்ட பாதி திறந்து வச்சு, கிளாண்டுக்கு (பேக்கிங்க அழுத்திப் பிடிக்கிற பாகம்) மேல ஸ்டெம்முல ஒரு டயல் கேஜ ஃப்ளோ திசையில ஒட்ட வைங்க. ஒரு பக்க போர்ட் வழியா மரக்கட்டைய விட்டு கேட்ட அழுத்தி தள்ளுங்க. கேட்டு நகர்ந்து டக்குனு கைடுல நிக்கணும், டயல் முள்ளு அசையக் கூடாது. முள்ளு ஆடுச்சுன்னா ஸ்டெம் லோடு வாங்குது, 3க்கு திரும்பிப் போங்க. அடுத்த போர்ட்ல இருந்தும் இதே மாதிரி. டயல் கேஜ் மிட்டுடோயோ வாங்குங்க, மலிவு சரக்குல முள்ளு ஒட்டிக்கும், அசையலன்னு நம்பி ஏமாந்துடுவீங்க.

சாஃப்ட்வேர் சிமுலேஷன் பத்தி நெறைய பேர் கேக்குறீங்க. முதல்ல எக்செல். கேப்பு கணக்கு தப்பா இருந்தா கலர் படம் எவ்ளோ அழகா வந்தும் பிரயோஜனம் இல்ல, அதுல எல்லாருமே கேட்ட நடு சென்டர்ல வச்சுத்தான் ஓட்டுறாங்க.

அப்டேட்: நிபோங் திபால் பக்கம் செம்பனை ஆலையில வேலை செய்யுற தம்பி ஒருத்தர் எழுதியிருந்தாரு, "அண்ணே, எல்லாம் பண்ணியும் எங்க வால்வு ஒரு பக்கமாவே தேயுது"ன்னு. போட்டோ அனுப்பச் சொல்லி பாத்தா ஸ்டெம் படுக்கையா இருக்கு. அப்படி மாட்டினா கேட்டோட எடையே ஃப்ளோவுக்கு குறுக்கு திசையில ஒரு கைடு மேல ஒக்காரும், அந்த திசை கேப்பையும் தனியா பாக்கணும்.

இன்னொரு அப்டேட்: கோலாலம்பூர்ல இருந்து ஒருத்தங்க பால் வால்வு பத்தி கேட்டிருந்தாங்க. ஃப்ளோட்டிங் பால்ல பந்து தானா நகர்ந்து அடுத்த சீட்டுல சாயும், அதனால ஸ்டெம் நாக்குக்கும் பந்து மேல இருக்குற பள்ளத்துக்கும் நடுவுல இதே கேப்பு கணக்குதான். ட்ரனியன் டைப்புல (மேலயும் கீழயும் அச்சுல பிடிச்சது) பந்து நகராது, லோடு பேரிங்குக்கு போயிடும், அங்க கேப்ப விட்டுட்டு பேரிங் பரப்ப பாருங்க. பட்டர்ஃபிளைக்கு இந்த பதிவு உதவாது, அதுல ஷாஃப்ட்டேதான் லோடு தாங்கணும்.