இரண்டு என்ஜினும் ஒன்றாக நிற்பது ஏன்? பழைய படகு ஓட்டப் பழகுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரி தேங்காய்த்திட்டிலிருந்து கிளம்பினால் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரம் வரை தண்ணீர் குளம் மாதிரி கிடக்கும். முகத்துவாரத்தைத் தொட்டதும் படகு எகிறத் தொடங்கும். நானும் என் மாமாவும் வாங்கிய பழைய ஃபைபர் படகில் உள்ளேயே இரண்டு டீசல் என்ஜின்கள். முதல்முறை கடலுக்குக் கொண்டுபோன அன்று, சரியாக அந்த இடத்தில் வலது என்ஜின் திணறி நின்றது. சில நிமிடங்களில் இடதும் நின்றது. பின்னால் வந்த மீனவர்கள் கயிறு வீசி இழுத்துவராமல் போயிருந்தால், அலை எங்களைக் கருங்கல் தடுப்பில் கொண்டுபோய் மோதியிருக்கும்.

'ஒன்று நின்றாலும் இன்னொன்று இருக்கிறது' என்று நம்பித்தான் எல்லோரும் இரட்டை என்ஜின் படகை வாங்குகிறோம். எங்கள் படகில் என்ஜின் இரண்டு, ஆனால் டீசல் டேங்க் ஒன்று, அதிலிருந்து வரும் குழாய் ஒன்று, வழியில் இருந்த பெரிய ஃபில்டரும் ஒன்றுதான். பல வருடக் கசடு டேங்கின் அடியில் படிந்து கிடந்தது. ஆற்றில் ஓட்டும்போது அது அசையாது. அலையில் படகு குலுங்கியதும் கலங்கி மேலே வந்து ஃபில்டரை அடைத்துவிட்டது. படகுத்துறையான ஜெட்டியில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்து, 'என்ஜின் நல்லா இருக்கு' என்று வாங்குகிறோமே, இந்தக் கோளாறு அங்கே தெரியவே தெரியாது.

அதனால் முதல் வேலை, டேங்கைத் திறந்து கழுவுவது. அப்புறம் ஒவ்வொரு என்ஜினுக்கும் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரைத் தனித்தனியாக, தனித்தனி வால்வுடன் வையுங்கள். கிளம்பும் முன் ஃபில்டரின் அடியிலிருந்து கொஞ்சம் டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைத்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் கீழே தனியாக நிற்கும். பாதி டேங்க் டீசலோடு மாதக்கணக்கில் படகை நிறுத்தி வைப்பதும் தவறு. காலியான பாதியில் இருக்கும் ஈரக்காற்று இரவில் குளிர்ந்து தண்ணீராகும். அந்தத் தண்ணீரும் டீசலும் சேருமிடத்தில் பாசி போன்ற கிருமிகள் வளர்ந்து கசடாகும். ஐப்பசி மழைக்கு முன்பே டேங்கை நிரப்பிவிடுவது நல்லது. மாற்று ஃபில்டர் படகில் இருந்தால் மட்டும் போதாது. மாற்றியபின் டீசல் லைனில் ஏர் எடுக்கவும், அதாவது குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றவும் தெரிய வேண்டும். கரையில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு கையால் தடவியே செய்யுமளவுக்குப் பழகுங்கள். ஆடும் படகில், சூடான என்ஜினுக்குப் பக்கத்தில் குனிந்து செய்ய வேண்டிய வேலை அது.

பேட்டரியிலும் இதே கதை. இரண்டு என்ஜினையும் ஸ்டார்ட் செய்ய ஒரே பேட்டரி என்றால், அது இறங்கிய அன்று இரண்டுமே கிளம்பாது. தனித்தனியாக வைத்து, அவசரத்துக்கு இரண்டையும் இணைக்க ஒரு சுவிட்ச் போடலாம். என்ஜின் ஓடும்போது பேட்டரி சுவிட்சை அணைத்துவிடாதீர்கள், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் டயோடு எரிந்துவிடும்.

இன்னொரு தவறை யாரும் தவறாகவே நினைப்பதில்லை. ஒரே நாளில், ஒரே ஆள், இரண்டு என்ஜினுக்கும் ஒரே சர்வீஸ் செய்வது. 1983 மே மாதம் மியாமியிலிருந்து நாசோவுக்குக் கிளம்பிய மூன்று என்ஜின் விமானம் ஒன்றில், ஒன்றன்பின் ஒன்றாக மூன்றிலும் ஆயில் வடிந்தது. முந்தைய இரவு பராமரிப்பில் மூன்று என்ஜினிலும் ஒரே இடத்தில் ரப்பர் வளையம் போடாமல் விட்டிருந்தார்கள். ஒரு என்ஜினைத் திரும்பக் கிளப்பித்தான் விமானத்தைப் பத்திரமாக இறக்கினார்கள். இன்று நீண்ட கடல் தாண்டும் இரட்டை என்ஜின் விமானங்களில், இரண்டு என்ஜினிலும் ஒரே வேலையை ஒரே ஆள் ஒரே நேரத்தில் செய்வதைத் தவிர்க்கிறார்கள். படகுக்கும் அதுதான் சரி. இந்த வாரம் இடது என்ஜினுக்கு ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள், பத்து மணி நேரமாவது ஓட்டுங்கள், அப்புறம் வலதைத் தொடுங்கள். இன்னொன்று: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகளெல்லாம் பழுதுபார்க்கக் கரையேறும். அப்போது மெக்கானிக்கும் கிடைக்கமாட்டார், படகை ஏற்ற இடமும் கிடைக்காது. வேலையை மாசியிலேயே முடித்துவிடுங்கள்.

என்ஜினைக் குளிர்விக்கக் கடல் நீரை இழுக்கும் பம்பில், தண்ணீரைத் தள்ளும் ரப்பர் இதழ்ச் சக்கரமான இம்பெல்லர் இருக்கும். தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம் சுற்றினாலே அது கிழியலாம். ஸ்டார்ட் செய்ததும் எக்ஸாஸ்டில் தண்ணீர் வருகிறதா என்று இரண்டு பக்கமும் எட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் பார்த்துவிட்டு மறுபக்கமும் வரும் என்று விடாதீர்கள். இம்பெல்லர் கிழிந்திருந்தால் புதியதைப் போடுவதோடு வேலை முடியாது. உடைந்த ரப்பர் துண்டுகளைத் தேடி எடுத்து, பழையதோடு வைத்து எண்ணிப் பாருங்கள். விட்டுப்போன துண்டு கூலரின் குழாயை அடைத்துக்கொள்ளும்.

ஸ்டார்ட் ஆகாத என்ஜினைத் திரும்பத் திரும்ப முடுக்குவது இதைவிட மோசம். என்ஜின் ஓடாவிட்டாலும் பம்ப் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். வெளியே தள்ளப் புகை இல்லாததால் கடல் நீர் சைலன்சரில் நிறைந்து, பின்வாங்கி சிலிண்டருக்குள் இறங்கும். நீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். மூன்று முறைக்கு மேல் முயல வேண்டியிருந்தால் கடல் நீர் வால்வை மூடுங்கள். என்ஜின் பிடித்த உடனே திறக்க மறக்காதீர்கள். அந்த வால்வு இறுகிப்போகாமல் இருக்க, மாதம் ஒருமுறை மூடித் திறந்து வையுங்கள்.

புரொப்பல்லர் ஷாஃப்ட் வெளியே போகும் இடத்தில், கடல் நீர் உள்ளே வராமல் அடைக்கும் கிளாண்ட் சொட்டுகிறது என்று பயந்து, நட்டைப் பலமாக முறுக்கிவிடுகிறார்கள். பழைய கயிறு பேக்கிங் கிளாண்ட், ஷாஃப்ட் சுற்றும்போது நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டு சொட்டத்தான் வேண்டும். அந்தத் தண்ணீர்தான் அதைக் குளிர்விக்கிறது. சொட்டே இல்லாமல் முறுக்கினால் பேக்கிங் கருகும், ஷாஃப்ட் தேயும். மற்ற உலோகங்களுக்குப் பதிலாக அரிபட்டுக் கரையும் ஜிங்க் கட்டிகளைப் பாதி கரைந்ததும் மாற்றுங்கள். அதன்மேல் பெயின்ட் அடித்தால் அது வேலை செய்யாது.

ஓட்டுவதற்கு வருவோம். ஜெட்டியை நெருங்கும்போது கார் ஓட்டிய பழக்கத்தில் ஸ்டியரிங்கைச் சுழற்றுவார்கள், கூடவே வேகத்தையும் கூட்டுவார்கள். மெதுவாகப் போகும்போது சுக்கானுக்குப் பிடிப்பே இருக்காது. சுக்கானை நேராக வைத்து, இரண்டு என்ஜினையும் ஐடிலில் விட்டு, கியரை மட்டும் பயன்படுத்துங்கள். இடது முன்னே, வலது பின்னே போட்டால் படகின் மூக்கு நின்ற இடத்திலேயே வலப்பக்கம் திரும்பும். முன்னேயிருந்து பின்னே மாற்றும்போது நியூட்ரலில் ஒரு மூச்சு நிறுத்துங்கள். பழைய கியர்பாக்ஸ் அதிர்ச்சி தாங்காது. கடலில் போகும்போது இரண்டு என்ஜினின் வேகமும் ஒத்துப்போக வேண்டும். பழைய மீட்டரை நம்புவதைவிடக் காதை நம்பலாம். 'உம்... உம்...' என்று சத்தம் ஏறி இறங்கினால் வேகம் ஒத்துப்போகவில்லை. அந்த ஏற்ற இறக்கம் மறையும்வரை ஒன்றை மட்டும் மெல்ல நகர்த்துங்கள்.

முகத்துவாரத்தில் மணல்மேடு இடம் மாறிக்கொண்டே இருக்கும். வற்று நீர் வெளியே பாயும்போது எதிரே அலை வந்தால் அங்கே அலை செங்குத்தாக எழும். போன மாதம் போன வழி இன்று இருக்காது. காலையில் திரும்பிவரும் மீனவ அண்ணன்களிடம் கேட்டுவிட்டுப் போங்கள். கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணை ஸ்டியரிங் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். கரை தாண்டினால் செல்போன் சிக்னல் போய்விடும், அதனால் விஎச்எஃப் ரேடியோவில் அவசர அழைப்புக்கான 16ஆம் சேனலைத் திறந்து வையுங்கள்.

ஒரு என்ஜினோடு திரும்பிவர நேர்ந்தால், ஓடுகிற என்ஜினை முழு வேகத்துக்கு முறுக்காதீர்கள். கறுப்புப் புகை வந்தால் சுமை தாங்கவில்லை என்று பொருள். நின்றுபோன பக்கத்தின் ஷாஃப்ட் தண்ணீர் வேகத்தில் தானாகச் சுற்றும். சில கியர்பாக்ஸ்களில் என்ஜின் ஓடினால்தான் ஆயில் சுழலும், அவற்றில் ஷாஃப்டைச் சுற்றாமல் கட்டி வைக்க வேண்டும். உங்களுடையது எந்த வகை என்று கையேட்டில் முன்பே பார்த்துவிடுங்கள்.

இதையெல்லாம் காற்றில்லாத காலையில் ஆற்றுக்குள்ளேயே பழகலாம். வலது என்ஜினை அணைத்துவிட்டு, இடதை மட்டும் வைத்து ஜெட்டியை உங்கள் வலப்பக்கம் வருமாறு அணுகுங்கள். நிறுத்த ரிவர்ஸ் போட்டதும் படகின் பின்பக்கம் தானாக ஜெட்டியை நோக்கி ஒதுங்கும். அடுத்த நாள் இடதை அணைத்து, ஜெட்டியை இடப்பக்கம் வைத்துச் செய்து பாருங்கள்.