தோட்டத்து ஊரில் பால்புதுமையினர் பட விழா

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து ஊரில், பால்புதுமையினரின் (LGBTQ) ஆண்டுப் பட விழாவுக்கு மண்டபம் வேண்டாம். நம்பிக்கையான வீட்டின் கூடம் போதும். மலேசியாவில் 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டப்படி அனுமதி இல்லாத படத்தைத் திரையிடுவது குற்றம். அனுமதி பெற்ற படத்தையே தேர்ந்தெடுங்கள். படத்தின் உரிமையாளரிடம் ஒப்புதலையும் எழுத்தில் வாங்குங்கள்.

மூலைவிட்டம் 100 அங்குலமுள்ள 16:9 திரை 2.2 மீட்டர் அகலம். வீச்சு விகிதம் (தூரத்தைத் திரை அகலத்தால் வகுத்த எண்) 1.5 உள்ள புரொஜெக்டரை 3.3 மீட்டர் தள்ளி வையுங்கள். தகரக் கூரையில் மழை கொட்டினால் வசனம் கேட்காது, தமிழ் சப்டைட்டில் கட்டாயம். சப்டைட்டில் ஃபைலை யுடிஎஃப்-8 (UTF-8) எழுத்துக் குறியீட்டு முறையில் சேமிக்காவிட்டால் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

கைப்பேசியில் படம்பிடிக்கவே கூடாது. ஒரு முகம் வாட்ஸ்அப்பில் கசிந்தால் விடிவதற்குள் தோட்டமே அறியும். வேலையும் வீடும் போய்விடலாம்.

படம் முடிந்த பிறகு மீ கோரிங் (வறுத்த நூடுல்ஸ்), தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்), பேச்சு. திருநங்கை அக்காமார்களை முன்வரிசையில் அமர்த்துங்கள், அவர்களே முதலில் பேசட்டும். இரவில் பேருந்து இருக்காது. யார் வண்டியில் யார் போவதென்று முன்பே முடிவு செய்யுங்கள்.