வானொலி ஏற்பியின் இயங்கு வீச்சை அளக்கும் முறை

சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடொன்றில் ஒலி 96.8, கேப்பிட்டல் 95.8 ஆகிய இரு வானொலி நிலையங்களும் ஒருசேர வலுவாக நுழையும்போது, தரம் குறைந்த எஃப்.எம். ஏற்பி, எந்தச் சிங்கப்பூர் நிலையமும் இல்லாத 97.8-இலும் 94.8-இலும் அவ்விரண்டின் ஒலியைக் குழப்பிக் கொடுக்கக்கூடும். ஒன்றன் இருமடங்கிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் கிடைக்கும் இந்த அதிர்வெண்களில் ஏற்பிக்குள்ளேயே பிறப்பவை மூன்றாம் படிக் கலப்புகள் ஆகும். கேட்கக்கூடிய மிக மெல்லிய சமிக்ஞைக்கும், இக்கலப்புகள் தலைகாட்டத் தொடங்கும் வலுவான சமிக்ஞைக்கும் உள்ள இடைவெளியே டைனமிக் ரேஞ்ச் எனப்படும் இயங்கு வீச்சு. இதைச் சிற்றலை ஏற்பியில் அளக்கும் முறையை இங்கே தருகிறேன்.

சோதனைச் சமிக்ஞையை உண்டாக்கும் இரண்டு சிக்னல் ஜெனரேட்டர்கள், அவற்றை இணைக்கும் ஹைபிரிட் கம்பைனர், சமிக்ஞையை 1 டெசிபெல் படிகளில் குறைக்கும் அட்டெனுவேட்டர், ஒலி வெளியீட்டை அளக்க ஆர்எம்எஸ் வோல்ட்மீட்டர் ஆகியவை தேவை. இணைப்பான்களும் உறையிட்ட கேபிள்களும் மின்னணு உதிரிபாகங்கள் விற்கும் சிம் லிம் டவர் கடைகளில் கிடைக்கும். கேபிளில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

முதலில் ஏஜிசி (பெருக்கத்தைத் தானே சரிசெய்யும் அமைப்பு), முன்பெருக்கி, இரைச்சல் குறைப்பான் மூன்றையும் அணைத்து, 500 ஹெர்ட்ஸ் வடிகட்டியைத் தேர்ந்தெடுங்கள். ஜெனரேட்டரின் வெளியீட்டை நிறுத்தி ஒலி வெளியீட்டின் இரைச்சலைக் குறித்துக்கொண்டு, பின்பு அது 3 டெசிபெல் உயரும் வரை சமிக்ஞையைக் கூட்டினால், ஏற்பியின் உள்ளீட்டில் அப்போதுள்ள அளவே இரைச்சல் தளம். அறை வெப்பநிலையில் வெப்பத்தால் எழும் இயற்கை இரைச்சல் ஒரு ஹெர்ட்ஸுக்கு −174 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டை 0 எனக் கொள்ளும் டெசிபெல் அளவு); 500 ஹெர்ட்ஸுக்கு 27 டெசிபெல் கூட்டினால் −147. அதற்கும் கீழே ஓர் எண் கிடைத்தால், சமிக்ஞை வேறு வழியில் கசிந்து நுழைகிறது அல்லது கணக்கு பிசகியிருக்கிறது.

அடுத்து 14.100, 14.120 மெகாஹெர்ட்ஸில் இரு சமிக்ஞைகளைச் சம அளவில் செலுத்தி, ஏற்பியைக் கலப்பு தோன்றும் 14.140-க்குத் திருப்பி, அங்கும் இரைச்சல் 3 டெசிபெல் உயரும் வரை இரண்டையும் சேர்த்தே கூட்டுங்கள். கம்பைனரின் இழப்பைக் கழித்த பின், ஒவ்வொரு சமிக்ஞையும் −35 டிபிஎம், இரைச்சல் தளம் −130 என்றால் இயங்கு வீச்சு 95 டெசிபெல்.

இந்த எண்ணை உடனே நம்பிவிடக் கூடாது, ஏனெனில் கலப்பு ஜெனரேட்டர்களிலேயே பிறந்திருக்கலாம். கலப்பு இரைச்சலுக்கு மேலே நன்கு எழும் வரை இரு சமிக்ஞைகளையும் கூட்டிவிட்டு, ஏற்பிக்கு முன்னால் 3 டெசிபெல் அட்டெனுவேட்டரைச் செருகுங்கள்: கலப்பு ஏறத்தாழ 9 டெசிபெல் குறைந்தால் அது ஏற்பியினுடையது, 3 மட்டுமே குறைந்தால் உங்கள் கருவிகளுடையது. பின்னதாயின் ஒவ்வொரு ஜெனரேட்டருக்கும் கம்பைனருக்கும் இடையில் 10 டெசிபெல் அட்டெனுவேட்டரை வைத்து மீண்டும் அளக்க வேண்டும். அலைகளை நேரடியாக எண்ணாக்கும் எஸ்டிஆர் ஏற்பிகள் இந்த மூன்றுமடங்கு விதியைப் பின்பற்றாததால், அவற்றுக்கு இச்சோதனை பொருந்தாது.

முடிவை எழுதும்போது சமிக்ஞைகளின் இடைவெளியையும் வடிகட்டியின் அகலத்தையும் தவறாமல் சேர்த்து எழுதுங்கள். 20 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் சிறந்து விளங்கும் ஏற்பி 2 கிலோஹெர்ட்ஸில் பெரிதும் பின்தங்கக்கூடும் என்பதால், இரண்டிலும் அளப்பதே முறை.