பிஎச்பியில் எஸ்என்எம்பி செஷன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்விட்ச், ரவுட்டர் போன்ற நெட்வொர்க் சாதனங்களிடம் நிலவரம் கேட்கும் நெறிமுறைதான் எஸ்என்எம்பி. பிஎச்பியில் அதற்கான கிளாஸ் 5.4 பதிப்பிலிருந்தே இருக்கிறது. நெறிமுறையின் பதிப்பு, சாதனத்தின் முகவரி, கம்யூனிட்டி ஸ்ட்ரிங் (பாஸ்வேர்டு மாதிரியான ஒரு சொல்) மூன்றையும் கொடுத்தால் ஆப்ஜெக்ட் தயார். பலரும் அந்த இடத்திலேயே ‘கனெக்ட் ஆகிவிட்டது’ என்று திரையில் காட்டிவிடுகிறார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது. இது யுடிபி, போர்ட் 161; முன்கூட்டியே இணைப்பு எதையும் ஏற்படுத்தாத முறை. ஆப்ஜெக்ட் உருவாகும்போது சாதனத்துக்கு ஒரு பாக்கெட்கூடப் போவதில்லை. ஸ்விட்சின் பவர் கார்டைப் பிடுங்கிப் போட்டிருந்தாலும் ஆப்ஜெக்ட் கிடைக்கும். மதிப்பைக் கேட்கும் முதல் கெட் அழைப்பில்தான் குட்டு உடையும். எனவே சிஸ்அப்டைம் (சாதனம் எவ்வளவு நேரமாக ஓடுகிறது) மதிப்பைக் கேட்டுப் பாருங்கள்: 1.3.6.1.2.1.1.3.0. கடைசிப் பூஜ்யத்தை விட்டுவிட்டால் மதிப்பு வராது.

அடுத்து டைம்அவுட், அதாவது பதிலுக்குக் காத்திருக்கும் நேரம். அதன் அலகு மைக்ரோ வினாடி. ஐந்து வினாடி என்று நினைத்து வெறும் 5 போட்டால், நல்ல சாதனமும் செத்துப்போனதாகவே தெரியும். 5000000 போட வேண்டும். சரி, எதுவுமே போடாமல் விட்டால்? ஒரு வினாடி காத்திருப்பு, அப்புறம் ஐந்து மறுமுயற்சி. பதில் தராத ஒரு சாதனத்துக்கு ஆறு வினாடி. வரிசையாகக் கேட்கும்போது இருபது சாதனம் விழுந்திருந்தால் இரண்டு நிமிடம் போய்விடும். உள் நெட்வொர்க்கில் ஒரு வினாடியும் ஒரு மறுமுயற்சியும் போதும் என்பது என் கருத்து.

டைம்அவுட் வந்தாலே சாதனம் படுத்துவிட்டது என்றும் முடிவு கட்டாதீர்கள். கம்யூனிட்டி தவறாக இருந்தாலும் சாதனம் பெரும்பாலும் மௌனமாகவே இருக்கும்.

விடையைச் சோதிப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. பிழை வந்தால் கெட் அழைப்பு ஃபால்ஸ், அதாவது ‘பொய்’ தரும். மதிப்பை மட்டும் வாங்கும் பிளெய்ன் முறையில், பிழையே இல்லாத ஸ்விட்ச் போர்ட்டின் எரர் கவுண்ட்டர் 0 என்று வரும். பிஎச்பிக்கு அதுவும் பொய்தான். மூன்று சமக்குறி போட்டு ஒப்பிடாவிட்டால், ஆரோக்கியமான போர்ட்டுக்குத்தான் அலாரம் அடிக்கும்.

எஸ்என்எம்பி வெர்ஷன் 2சி-யில் கம்யூனிட்டி வெறும் எழுத்தாகவே ஒயரில் போகிறது. முடிந்தவரை வெர்ஷன் 3-க்குப் போங்கள். அதில் ஆப்ஜெக்ட் உருவாக்கும்போது மூன்றாவது இடத்தில், கம்யூனிட்டிக்குப் பதிலாக வருவது பயனர் பெயர். பாஸ்வேர்டுகளை செட்செக்யூரிட்டி என்ற அழைப்பின் மூலம் தனியாகக் கொடுக்க வேண்டும், எட்டு எழுத்துக்குக் குறையாமல்.

இதையெல்லாம் பக்கம் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஓட்டவே கூடாது. கிரான் வேலை (சர்வரில் குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) ஒன்று நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டு டேட்டாபேஸில் எழுதட்டும். பக்கம் அங்கிருந்து படித்துக்கொள்ளட்டும்.