டர்போ ஹொட் ஹட்ச்: ஆறாவது கியரில் நடக்கும் தவறும் வேறு சிலவும்

போன மாதம் ஒரு ஞாயிறு காலை, நிலாவெளி வீதியில் ஒரு தம்பியின் காரில் பக்கத்து இருக்கையில் இருந்தேன். கார் 1.4 லீற்றர் டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் திணிக்கும் சாதனம்) போட்ட சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட். ஹொட் ஹட்ச் என்று சொல்லும் சின்ன வேகக் கார். வாங்கி மூன்று வாரம்தான். உப்புவெளி தாண்டி வீதி வெறிச்சென்று கிடந்தது. 50 கிலோமீற்றர் வேகம், ஆறாவது கியர். "பாருங்கோ அண்ணா, கியர் மாத்தவே தேவையில்லை" என்று சொல்லி ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தான். கார் முனகிக்கொண்டே இழுத்தது. அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. அதே சந்தோஷத்தை அதே கியரில் நானும் அனுபவித்து, அதற்கு நாலு லட்சத்துக்கு மேல் கட்டியிருக்கிறேன்.

அன்று அவனுக்குச் சொன்னதையும், நேரமில்லாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன். ஒயில் மட்டம் பாருங்கள், டயரில் காற்றுப் பாருங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதற்குள் போகவில்லை.

எஞ்சின் அளவு காட்டும் சிசியைப் பார்த்து முகம் சுளிப்பது

பழைய ஸ்விஃப்ட் ஸ்போர்ட் டர்போ இல்லாத 1.6. நானும் ஆறு வருடம் வைத்திருந்தேன். 2017இல் 1.4 டர்போ வந்தபோது எங்கள் கூட்டத்தில் கிட்டத்தட்ட இழவு வீடு. "1.6 போய் 1.4 வந்துட்டுது, இனி இதிலை என்ன இருக்கு?" என்றார்கள். நானும் அந்தப் பக்கம்தான் நின்றேன்.

கணக்கைப் பார்ப்போம். பழைய 1.6 ஜப்பானில் 136 குதிரைவலு, புதியது 140. இதை மட்டும் பார்த்தால் ஒன்றுமே மாறவில்லை என்று தோன்றும். ஆனால் டோர்க், அதாவது எஞ்சினின் இழுவை, 160 நியூட்டன் மீற்றரிலிருந்து 230க்குப் போயிருக்கிறது. பழையதில் அந்த 160ஐத் தொட 4,400 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் சுற்று) வேண்டும். புதியதில் 2,500இலேயே முழு 230உம் வந்துவிடுகிறது. அந்த 2,500இல் புதிய எஞ்சின் ஏறக்குறைய 82 குதிரைவலு தரும். பழையது தன் உச்ச டோர்க்கை அங்கேயே தந்தாலும் 57ஐத் தாண்டாது. அப்புறம் எடை. மனுவல் கியர் கார் 1,050 கிலோவிலிருந்து 970க்கு இறங்கியது. அந்த 80 கிலோவைப் பற்றி எங்கள் கூட்டத்தில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. எல்லோரும் சிசியையே பிடித்துக்கொண்டு நின்றோம்.

சின்ன டர்போ ஹட்ச் இப்போது முளைத்த சங்கதியும் இல்லை. ரெனோ 5 ஜிடி டர்போ 1985இலேயே 1.4 லீற்றர். 1987இல் வந்த டைஹட்சு சரேட் ஜிடிடிஐ மூன்று சிலிண்டர், 993 சிசி, அதில் 100 குதிரைவலுவுக்கு மேல். டொயோட்டா ஸ்டார்லெட் ஜிடி டர்போ 1.3 லீற்றரில் 135. சரேட்டும் ஸ்டார்லெட்டும் ஓடிய தெருக்களில் வளர்ந்த நாங்கள் "சின்ன எஞ்சினா?" என்று கேட்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

கம்பனிகள் மாறியதற்குக் காரணம் இருக்கிறது. ஐரோப்பாவில் ஒரு கம்பனி விற்கும் புதிய கார்களின் சராசரிக் கரியமில வாயுவுக்கு எல்லை வைத்தார்கள். முதலில் கிலோமீற்றருக்கு 130 கிராம், பிறகு 95. பெரிய எஞ்சினை வைத்துக்கொண்டு அதற்குள் நிற்பது கடினம். இலங்கையில் வரியே சிசியைப் பார்த்துத்தான் ஏறுகிறது. ஹொண்டா சிவிக் 1.0 டர்போ நம் வீதிகளில் இவ்வளவு நிறைந்தது வேறு எதனால்?

எல்லாப் பழியையும் டர்போ மேல் போடுவது

ரெனோ கிளியோ ஆர்எஸ் கதையை அடிக்கடி எடுத்து வருவார்கள். 2.0 லீற்றர் எஞ்சின் 7,100 ஆர்பிஎம் வரை பாடி 200 குதிரைவலு தந்தது. 2013இல் அதற்குப் பதிலாக 1.6 டர்போ வந்தது. குதிரைவலு அதே 200. ரசிகர்கள் கொதித்துப்போனார்கள், "டர்போ கிளியோவைக் கெடுத்துவிட்டது" என்றார்கள். ஆனால் அதே 2013இல் மூன்று கதவு போய் ஐந்து கதவு வந்தது. மனுவல் கியரும் போய் இரட்டைக் கிளச் ஓட்டோ மட்டும் மிஞ்சியது. ஓட்டுபவனின் கையிலிருந்து கியரைப் பறித்த கோபம் பாதிக்கு மேல் டர்போவின் தலையில் விழுந்தது என்றே நினைக்கிறேன்.

ஃபோர்ட் ஃபியெஸ்டா எஸ்டியையும் பாருங்கள். 2.0 லீற்றரில் 150 குதிரைவலுவாக இருந்தது, 2013இல் 1.6 டர்போவில் 182 ஆனது. 2018இல் மூன்று சிலிண்டர் 1.5 டர்போவில் 200. எஞ்சின் சுருங்கிக்கொண்டே போனது, ரசிகர்கள் கூடினார்கள். மனுவல் கியரை ஃபோர்ட் கைவிடவில்லை.

பழைய எஞ்சினில் இருந்த ஒன்று புதியதில் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். காலை மிதித்த கணமே எஞ்சின் பதில் சொல்வதும், ஆர்பிஎம் ஊசி ஏற ஏறக் குரல் மாறுவதும் போய்விட்டன. டர்போவின் சுழலியைத் தாண்டி வெளியே வரும் புகைக்கு அந்தக் குரல் இருக்காது. எனக்கும் அது கவலைதான். 1.4 டர்போ வாங்குவதற்காக என் பழைய 1.6ஐ விற்ற அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

ஆர்பிஎம் மீற்றரின் சிவப்புக் கோடு வரை இழுப்பது

பழைய எஞ்சினில் பழகிய கால் இதைத்தான் செய்யும். என் பழைய காரின் உச்ச வலு 6,900இல், அதுவரை இழுத்தால்தான் பலன். டர்போவின் உச்சம் 5,500இல். அங்கேயே டோர்க் 230லிருந்து 180க்கு இறங்கியிருக்கும். அதற்கு மேல் சத்தமும் சூடும் மட்டுமே கூடும். 5,500 தாண்டியதும் கியரை மாற்றுங்கள், அடுத்த கியர் நேரே இழுவையின் நடுவில் கொண்டுபோய் இறக்கும். எனக்கு இது கைவர இரண்டு மாதம் எடுத்தது.

உயர்ந்த கியரில், குறைந்த சுழற்சியில், அடிவரை மிதிப்பது

இதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

2022இன் தொடக்கம். ஹபரணைப் பக்கம் போய்விட்டுத் திருகோணமலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். அந்த வீதியை அறிந்தவர்களுக்குத் தெரியும், காடு, யானை வரும் இடங்கள், முன்னால் லொறி. லொறிக்குப் பின்னால் 50, 60இல் ஊர்ந்துகொண்டு போவேன். கார் ஆறாவது கியரில், ஊசி 1,500 பக்கம். இடைவெளி தெரிந்தால் கியரைத் தொடாமல் ஆக்சிலேட்டரை அடிவரை அமுக்குவேன். டர்போ மெல்ல எழும்பும், கார் இழுத்துக்கொண்டு போகும். பழைய 1.6இல் இதைச் செய்தால் கார் நகராது, இரண்டு கியர் இறக்கித்தான் ஆக வேண்டும். புதியதில் தேவையே இல்லை என்று மாதக்கணக்கில் பெருமையோடு ஓட்டினேன். பெற்றோலும் மிச்சம் என்று வேறு நினைப்பு.

அன்று கந்தளாய்க்கு இந்தப் பக்கம், சீமெந்து லொறி ஒன்றை அப்படி முந்தும்போது எஞ்சினுக்குள் ஒரு சத்தம். சுத்தியலால் ஒரே ஒரு தட்டுத் தட்டியதுபோல 'டங்' என்று. அப்புறம் ஒன்றுமில்லை. கார் வழமைபோல ஓடியது. கல் பட்டிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு கிழமைக்குள் காலையில் ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் உதறத் தொடங்கியது. பின்னால் நீலப் புகை. ஒயில் குறைந்துகொண்டே போனது. கராஜில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் அமுக்கும் காற்றின் அழுத்தம்) அளந்தார்கள். மூன்று சிலிண்டர் சரி, ஒன்று படுத்துவிட்டது. திறந்து பிஸ்டனை வெளியே எடுத்தபோது, மேல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவிலிருக்கும் வரம்பில் ஒரு துண்டு உடைந்து போயிருந்தது. நகத்தளவு துண்டு. அந்தத் துண்டு சிலிண்டர் சுவரையும் கீறியிருந்தது.

நடந்தது என்னவென்று அப்போதுதான் படித்தேன். இதற்கு எல்எஸ்பிஐ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எஞ்சின் குறைந்த வேகத்தில் சுற்றும்போது, பிளக் பொறி தட்டுவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்வது. பெற்றோலை நேரே சிலிண்டருக்குள் பீச்சும் டர்போ எஞ்சின்களில் இது வரும். சுழற்சி குறைவு, பாரம் அதிகம், டர்போ காற்றை முழு அழுத்தத்தில் திணிக்கிறது, பிஸ்டனோ மெதுவாக ஏறுகிறது. பிஸ்டன் ஓரத்து இடுக்கில் சேர்ந்திருக்கும் ஒயிலும் பெற்றோலும் கலந்த துளி ஒன்று தெறித்துத் தீப்பிடித்தால் போதும். ஏறிக்கொண்டிருக்கும் பிஸ்டனுக்கு எதிராக வெடி விழுகிறது. ரிங் வரம்பு உடையலாம், பிளக்கின் பீங்கான் உடையலாம், கொனெக்டிங் ரொட் வளையலாம்.

"நொக் சென்ஸர் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும்" என்று நம்பாதீர்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். அந்தச் சென்ஸர் எஞ்சினுக்குள் தட்டல் கேட்டால் பிளக் பொறி தட்டும் நேரத்தைப் பின்தள்ளும், அவ்வளவுதான் அதனால் முடியும். இங்கே தீ பொறிக்கு முன்பே பிடித்துவிட்டது. பொறியைப் பின்தள்ளி என்ன பயன்?

இன்னொரு தவறும் இதோடு சேர்ந்தது, அதுவும் என்னுடையதுதான். பழைய காருக்குப் போட்ட அதே 10டபிள்யூ-40 ஒயிலையே புதியதற்கும் போட்டேன். போத்தலில் ஏபிஐ எஸ்எல் என்று ஒரு பழைய ஒயில் தரம் போட்டிருந்தது. விற்றவர் "எல்லாம் ஒண்டுதான்" என்றார், நானும் விலை குறைவு என்று தலையாட்டினேன். எல்லாம் ஒன்றில்லை. ஒயிலில் அழுக்கைக் கழுவச் சேர்க்கும் கல்சியம் அதிகமானால் இந்த முன்பற்றல் கூடுகிறது என்று கண்டுபிடித்து, அதைக் குறைத்து மக்னீசியம் சேர்த்துப் புதிய தரம் கொண்டுவந்தார்கள். 2018இல் எஸ்என் பிளஸ், 2020இல் எஸ்பி. போத்தலின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் எஸ்பி என்று இருக்கிறதா என்று பார்ப்பதற்குப் பத்து விநாடி போதும். அந்தப் பத்து விநாடியை நான் செலவழிக்கவில்லை.

செலவு வந்த நேரத்தையும் சொல்ல வேண்டும். 200 ரூபாயைச் சுற்றி நின்ற டொலர் அந்த ஆண்டு 360ஐத் தொட்டது. பிஸ்டன், ரிங், கெஸ்கெட் எல்லாம் ஜப்பானிலிருந்து வர வேண்டும். ஊரே பெற்றோல் வரிசையில் நாள்கணக்கில் நின்றபோது என் கார் கராஜ் மூலையில் படங்குக்குக் கீழே நாலு மாதம் கிடந்தது.

இப்போது நான் ஓட்டுவது இப்படி. ஊசி 2,000க்குக் கீழே நிற்கும்போது பாதிக்கு மேல் ஆக்சிலேட்டரை மிதிப்பதில்லை. ஆறாவது கியரில் சமதரையில் மெதுவாகப் போவதில் ஒரு பிழையும் இல்லை, மிதிப்பதுதான் பிழை. முந்த வேண்டுமென்றால் முதலில் கியரை இறக்குகிறேன். ஊசி 2,500க்கு மேல் நிற்கும் கியர் எதுவோ அது. லொறிக்குப் பின்னால் 60 என்றால் பெரும்பாலும் மூன்றாவது. எஸ்பி தர ஒயில், காரின் கையேட்டில் சொன்ன தடிப்பில். 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுகிறேன். டவுனுக்குள் ஒன்றிரண்டு கிலோமீற்றர் ஓட்டம்தான் அதிகம் என்றால் ஒயிலில் பெற்றோல் கலக்கும், அப்படி ஓட்டுபவர்கள் இன்னும் முந்தி மாற்றினால் நல்லது.

நிலாவெளித் தம்பியிடம் இதையெல்லாம் காரை ஓரங்கட்டச் சொல்லித்தான் சொன்னேன். அவனுக்கு ஒரு வீடியோவில் யாரோ "டர்போ கார், ஆறாம் கியரே போதும்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

92 ஒக்டேன் பெற்றோல் போடுவது

ஓடும். நொக் சென்ஸர் பொறியைப் பின்தள்ளிக் காப்பாற்றும், வலு குறையும். இந்த எஞ்சினுக்கு ஜப்பானிலேயே உயர் ஒக்டேன்தான் சொல்லியிருக்கிறார்கள். இங்கே கிடைப்பதில் 95 போடுங்கள்.

கச்சான் காற்றில் காரை எடைபோடுவது

ஜூலை மதியம், கச்சான் அனலாக அடிக்கும்போது, டவுன் நெரிசலில் அரை மணி நேரம் நின்றுவிட்டு வந்து "கார் இழுக்கவில்லை" என்று சொல்வார்கள். டர்போ காற்றை அமுக்கும்போதே சூடாக்குகிறது. நின்ற காரில், அந்தக் காற்றைக் குளிர்விக்க வேண்டிய இன்டர்கூலர் தானே கொதித்துக் கிடக்கும். சூடான காற்றில் ஒக்சிஜன் குறைவு, கணினியும் பயந்து பொறியைப் பின்தள்ளும். அதே காரை விடியற்காலை ஐந்தரைக்கு கிண்ணியாப் பாலம் பக்கம் கொண்டுபோய்ப் பாருங்கள். வேறு கார்.

நிறுத்திய உடனே எஞ்சினை அணைப்பது

விரட்டி வந்திருந்தால் மட்டும், டர்போ சூடு ஆற ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். சந்தைக்குப் போய் வந்ததற்குத் தேவையில்லை.

பூஸ்ட் (டர்போ அழுத்தம்) கூட்டும் பெட்டி

வாங்காதீர்கள்.

சத்தத்துக்காகச் சைலன்ஸரை வெட்டுவது

1.6இன் குரல் அதில் திரும்பி வராது. நான் வெட்டிப் பார்த்துவிட்டேன்.

பாவித்த டர்போ காரைக் கம்ப்ரஷன் அளக்காமல் வாங்குவது

முன்பு ஓட்டியவர் ஆறாவது கியரில் எப்படி மிதித்தார் என்று மைலேஜ் மீற்றர் சொல்லாது. பொலிஷ் போட்ட போனட்டும் சொல்லாது. நாலு பிளக்கையும் கழற்றிப் பீங்கானில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நாலு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் அளந்து எழுதிக்கொள்ளுங்கள், ஒன்று மட்டும் தனியாக இறங்கி நிற்கிறதா என்று பாருங்கள். கடைசியாக எந்த ஒயில் போட்டார் என்று கேட்டு, முடிந்தால் போத்தலையும் பாருங்கள். அரை நாள் வேலை. விற்பவர் அதற்கு விடமாட்டேன் என்றால் அந்தக் காரை அவரிடமே விட்டுவிட்டு வாருங்கள்.